விழுவது யார், எதனால்? பிள்ளைகளுக்கு ஒரு பழைய துப்பறியும் கார்ட்டூன்

எங்கள் அடுக்ககத்தில் கோடை விடுமுறைச் சனிக்கிழமைகளில் மொட்டை மாடியில் திரை கட்டிப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போடுவது வழக்கம். ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை பதினைந்து பதினாறு பேர் வருவார்கள். இந்த முறை துப்பறியும் கார்ட்டூன்தான் வேண்டும், அதுவும் சிரிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எதைப் போடலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சாதாரணமாக இருந்தால் ஸ்கூபி-டூ என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். இந்த முறை அப்படி முடியவில்லை. இரண்டாவது மாடியில் மணிப்பூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையனுக்கு ஒன்பது வயது. போன மாதம் நான் துணி எடுக்க மாடிக்குப் போனபோது பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவுட்டான கோபத்தில் ஒருவன், இரண்டு கண்ணோரத்தையும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பல்லை வெளியே நீட்டி, "சிங் சாங்" என்று அந்தப் பையனைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் எதுவும் சொல்லவில்லை. மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே போய்விட்டான். "இதை எங்கேடா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். "கார்ட்டூன்ல அப்படித்தான் ஆன்ட்டி வரும்" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. மணிப்பூருக்கும் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் உள்ள தூரம் கேலி செய்கிறவர்களுக்குக் கணக்கில்லை. எல்லாரையும் ஒரே முகமாக்கிக் காட்டப் பழைய அமெரிக்கக் கார்ட்டூன்கள் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கின்றன. அதனால் 1960களிலிருந்து 80கள் வரை வந்த துப்பறியும் சிரிப்புக் கார்ட்டூன்களை உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைக் கவனித்தேன். வழுக்கி விழுகிறவர் யார், எதனால் விழுகிறார்? துப்பை உண்மையில் கண்டுபிடிக்கிறவர் யார்? திரையில் தெரியும் முகத்துக்குப் பின்னால் குரல் கொடுத்தவர் யார்?

இந்த வகைக் கார்ட்டூனில் யாராவது விழுந்துதான் ஆக வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறவன் வாளியில் கால் வைத்து விழுந்தால் நானும் சிரிப்பேன். ஆனால் ஒருவன் பிறந்த இனமும் அவன் பேசும் விதமும்தான் சிரிப்பு என்றால், அந்தச் சிரிப்பு மாடியில் இன்னொரு பிள்ளையின் மேல் போய் விழுகிறது.

முதலில் கழித்துக்கட்டியது "தி டிக் டிரேசி ஷோ". யூபிஏ நிறுவனம் 1961-இல் எடுத்தது. ஐந்து நிமிஷம் ஓடுகிற 130 குட்டிப் படங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற நீளம் என்று ஆசையோடு ஆரம்பித்தேன். இதில் துப்பறியும் போலீஸ்காரரான டிரேசி மேசையை விட்டு எழுவதே அபூர்வம். மேலதிகாரி சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வேலையை உதவியாளர் ஒருவரிடம் தள்ளிவிடுவார். அந்த உதவியாளர்களில் ஒருவர் ஜோ ஜிட்சு. துருத்திய பல், கனத்த கண்ணாடி, ஆங்கில எழுத்துகள் இடம் மாறி விழும் பேச்சு. வில்லனைத் தூக்கி அடிக்கும்போதும் பணிவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடிப்பார். இன்னொருவர் கோ-கோ கோமஸ். முகத்தைவிடப் பெரிய மெக்சிகோ தொப்பி, மின்னல் வேக ஓட்டம், உடைந்த ஆங்கிலம்.

இதை ஆதரிக்கிறவர்கள், இவர்கள் இருவரும் திறமைசாலிகள்தானே, வில்லனைப் பிடிக்கிறவர்கள்தானே என்பார்கள். உண்மைதான், பிடிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு எபிசோடிலும் சிரிப்பு வருகிற இடம் பல்லும் பேச்சும்தான். மாடியில் நான் பார்த்த அந்தக் கும்பிடு அப்படியே இதில் இருக்கிறது. 1990-இல் டிக் டிரேசி திரைப்படம் வந்ததை ஒட்டி அமெரிக்காவில் இந்தப் பழைய தொடரை மறுபடி ஒளிபரப்பியபோது, ஆசிய, ஹிஸ்பானிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் நிலையம் ஒன்று ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. எனக்கும் இதில் இரண்டாவது யோசனை தேவைப்படவில்லை.

அடுத்தது என்னை அதிக நேரம் பிடித்து வைத்த தொடர்: "தி அமேசிங் சான் அண்ட் த சான் கிளான்". ஹன்னா-பார்பரா நிறுவனம் 1972-இல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எடுத்தது. மொத்தம் 16 எபிசோடுகள். சார்லி சான் என்ற சீன-அமெரிக்கத் துப்பறிவாளர், அவருடைய பத்துப் பிள்ளைகள், சூ சூ என்று ஒரு நாய். பிள்ளைகள் கூட்டமாகப் போய்த் துப்புத் தேடுவார்கள். நடுவில் பாட்டும் பாடுவார்கள். பொத்தானை அழுத்தினால் வேறு வேறு வண்டியாக மாறும் வேன் ஒன்று உண்டு. அதைச் செய்தவன் ஆலன் என்ற மகன். விழுந்து எழும் வேலை பெரும்பாலும் மாறுவேடப் பைத்தியமான ஸ்டான்லிக்கும் நாய்க்கும். ஸ்டான்லி விழுவது மாறுவேடத்தில் தனக்கிருக்கும் அதீத நம்பிக்கையால். அவன் சீனனாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சார்லி சானின் பின்கதை தெரிந்தால்தான் இந்தத் தொடரின் அருமையும் அதன் வலியும் புரியும். ஏர்ல் டெர் பிக்கர்ஸ் என்ற எழுத்தாளர் 1925-இல் உருவாக்கிய பாத்திரம் அது. ஹொனலுலுவில் சாட்டையோடு சுற்றிய சாங் அபானா என்ற நிஜப் போலீஸ்காரரின் சாயல் அதில் உண்டு. சினிமாவில் சானாகப் பேர் வாங்கியவர் வார்னர் ஓலண்ட், ஸ்வீடனில் பிறந்தவர். அவருக்குப் பின் வந்தவர்களும் வெள்ளைக்காரர்கள். சானின் மூத்த மகன் லீயாக 1935-இலிருந்து நடித்தவர் மட்டும் குவாங்சோவில் பிறந்த கீ லூக். அப்பா வேஷத்துக்குச் சீனர் கிடைக்கவில்லை, மகன் வேஷத்துக்கு மட்டும் கிடைத்தார். அந்தக் கீ லூக்தான் 1972-இல் இந்தக் கார்ட்டூனில் சார்லி சானுக்குக் குரல் கொடுத்தார். சான் பாத்திரத்தை ஏற்ற முதல் சீன வம்சாவளி நடிகர் அவர். மகனாக ஆரம்பித்து முப்பத்தேழு வருஷம் கழித்து அப்பாவானார். அவர் குரலைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதோடு நின்றிருந்தால் இந்தத் தொடரைத்தான் முதலில் வைத்திருப்பேன். பிள்ளைகளின் குரலுக்கு முதலில் ஆசிய-அமெரிக்க நடிகர்கள் பலரைப் பேச வைத்தார்கள். அப்புறம், உச்சரிப்பு பார்வையாளர்களுக்குப் புரியாது என்று சொல்லிப் பலரையும் மாற்றி மறுபடி ஒலிப்பதிவு செய்தார்கள். மகள் ஆன் சானின் குரல், அப்போது சிறுமியாக இருந்த நடிகை ஜோடி ஃபாஸ்டருடையது. மூத்தவன் ஹென்றிக்குப் பேசிய ராபர்ட் இட்டோ போன்ற சிலர் மட்டும் நிலைத்தார்கள். முகம் இருக்கட்டும், குரல் வேண்டாம் என்று சொன்னது போல இருக்கிறது. ஆனாலும் திரையில் தெரிவது வேறு எந்தத் தொடரிலும் கிடைக்காதது. பத்துச் சீனப் பிள்ளைகள், பத்தும் பத்து விதம். ஒருவன் கருவி செய்கிறான், ஒருவன் கோமாளி, ஒருத்தி முன்னே பாய்கிறாள். ஒரே முகம் என்ற பொய்யை உடைப்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஓவியமும் கதையும் சுமார்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஹாங்காங் ஃபூயி" 1974. ஹன்னா-பார்பராவேதான், இந்த முறை ஏபிசி தொலைக்காட்சிக்கு. புரூஸ் லீ இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் எல்லாரும் கையை வீசிக் குங்ஃபூ போட்டுக்கொண்டிருந்த நேரம். போலீஸ் நிலையத்தில் தரை துடைக்கும் பென்ரி என்ற நாய், ஆபத்து என்று கேட்டதும் கோப்பு அலமாரியின் இழுப்பறைக்குள் புகுந்து, முகமூடி போட்ட வீரனாக வெளியே வரும். வரும் வழியில் இழுப்பறையில் மாட்டிக்கொள்ளும். ஸ்பாட் என்ற பூனை வந்து ஒரு தட்டுத் தட்டி விடுவிக்க வேண்டும். தொடரின் முழுக் கதையும் அந்த ஒரு தட்டில் இருக்கிறது. வழக்கை முடிப்பது எப்போதும் பூனை. பேர் வாங்குவது நாய்.

நாய்க்குக் குரல் கொடுத்தவர் ஸ்காட்மேன் குரோதர்ஸ், கறுப்பின ஜாஸ் பாடகர், நடிகர். தொடரின் பாட்டையும் அவரே பாடினார். கரகரப்பும் பாசமும் கலந்த அந்தக் குரலால்தான் அந்த நாயை நேசிக்க முடிகிறது. விழுவதும் இதில் நியாயமாகவே நடக்கிறது. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அடி கற்றுக்கொண்டவன் தன்னை மாவீரன் என்று நம்புவதுதான் சிரிப்பு. ஆனால் பெயர், உடை, குங்ஃபூ எல்லாம் சீனர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. கதைக்குள் வழக்கமாக வருகிறவர்களில் ஒரு சீனர்கூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகள் அடுத்த நாள் மாடியில் கை வீசிக் கூச்சல் போடுவார்கள். யாரைப் பார்த்துப் போடுவார்கள் என்று யோசித்தேன். அதனால் இதை முதல் வாரத்தில் போடமாட்டேன். பிள்ளைகள் கொஞ்சம் பழகிய பின் பார்க்கலாம்.

"தி இன்ஸ்பெக்டர்" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிங்க் பாந்தர் கார்ட்டூனை எடுத்தவர்கள் 1965-இலிருந்து 69 வரை எடுத்த 34 குறும்படங்கள். கர்வம் பிடித்த பிரெஞ்சு இன்ஸ்பெக்டர், அவருக்குக் கீழே டு-டு என்ற ஸ்பானியச் சார்ஜென்ட். சார்ஜென்ட் தன் மொழியில் ஆமாம் என்று சொல்லும்போதெல்லாம் பிரெஞ்சில் சொல்லச் சொல்லி இன்ஸ்பெக்டர் திருத்துவார். சார்ஜென்ட் மறுபடியும் தன் மொழிக்கே போவார். உதை வாங்குவது அநேகமாக இன்ஸ்பெக்டர்தான் என்பதால் மனசு ஆறுகிறது. ஆனால் அந்த மொழி வேடிக்கை எங்கள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. பெண்களுக்கும் இதில் இடமே இல்லை. விட்டுவிட்டேன்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்த ஸ்கூபி-டூ. முதல் தொடர் 1969 செப்டம்பர் 13-இல் தொடங்கி, இரண்டு பருவங்களில் 25 எபிசோடுகள் வந்தன. ஸ்கூபி என்ற நாயோடு பேய் மர்மங்களைத் துப்பறியும் நான்கு இளைஞர்களும் வெள்ளையர்கள். வேற்று இனத்தவர் வரும் இடங்களில் பல நேரம் பேய் வேஷமாகத்தான் வருகிறார்கள். சைனாடவுனில் நடக்கிற எபிசோடில் சீனப் பேயின் பொன் முகமூடி. ஹவாய் எபிசோடில் மந்திரவாதி. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் கடைசி இடம்.

ஆனால் இதன் உள்ளே இரண்டு நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று வெல்மா. பெரிய கண்ணாடி, தொளதொள ஸ்வெட்டர், அலங்காரத்தில் அக்கறை இல்லாத பெண். துப்பைக் கோத்துச் சொல்கிறவள் பெரும்பாலும் அவள்தான். கண்ணாடி கீழே விழுந்து தரையைத் தடவும்போது அவளைப் பார்த்துச் சிரிக்கிறோம், முடிவில் அவள் சொல்வதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். இன்னொன்று பேயின் முகமூடி கழற்றப்படும் அந்தக் கடைசிக் கணம். முதல் எபிசோடில் அருங்காட்சியகத்தில் கறுப்புக் கவச வீரன் ஒருவன் உலவுவான். முகமூடியை எடுத்தால் அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளரே உள்ளே இருப்பார். பயமுறுத்துகிறவன் எங்கிருந்தோ வந்த அந்நியன் இல்லை, பக்கத்திலேயே இருக்கிற, ஆதாயம் பார்க்கிற ஆள் என்று இந்தத் தொடர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எங்கள் மாடிக்கு இது மிகவும் வேண்டியது.

திரைக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. ஸ்கூபியை வரைந்தவர் இவாவோ தகமோட்டோ. ஜப்பானியப் பெற்றோருக்கு லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தவரை அடைத்து வைத்த மான்சனார் முகாமில் குடும்பத்தோடு இருந்தார். சக கைதிகளிடம் அங்கேதான் ஓவியம் கற்றார். கிரேட் டேன் நாய் வளர்க்கும் ஒருவரிடம் நல்ல நாயின் லட்சணங்களைக் கேட்டு, எல்லாவற்றுக்கும் நேர் எதிராக வளைந்த கால், சரிந்த முதுகு, தொங்கும் தாடை என்று ஸ்கூபியை வரைந்தார். ஸ்கூபியின் தோழன் ஷாகியின் குரலான கேசி கேசம், லெபனானின் துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயக் குடும்பத்தில் வந்தவர். பின்னாளில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் அரபு நாட்டவரைக் கேவலமாகக் காட்டிய கதை வந்தபோது, அந்த வேலையையே விட்டு விலகினார். நாம் சின்ன வயதிலிருந்து சிரித்துச் சிரித்துப் பார்த்த நாயும் அதன் தோழனும் இப்படிப்பட்டவர்களின் கையிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வந்தவை. பெரிய பிள்ளைகளிடம் இந்த இரண்டு கதைகளையும் கட்டாயம் சொல்வேன்.

நம்மவர்களுக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. 2023-இல் வந்த "வெல்மா" தொடரில் வெல்மா இந்திய வம்சாவளிப் பெண். குரல் கொடுத்த மிண்டி கேலிங்கின் முழுப்பெயரில் சொக்கலிங்கம் இருக்கிறது, அப்பா தமிழர். அதைக் கேட்டு ஆசையோடு போட்டுவிடாதீர்கள். அது பெரியவர்களுக்கான தொடர். ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய.

அடுத்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் முதலாவது பட்ட பாடு இரண்டாவதில் தீர்கிறது. "ஜோசி அண்ட் த புஸ்ஸிகேட்ஸ்" 1970. ஊர் ஊராகப் போய்ப் பாடும் மூன்று பெண்கள், போகிற இடமெல்லாம் சதிகாரர்கள். மூவரில் வேலரி கறுப்பினப் பெண். சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களில் தொடர் முழுக்க வந்த முதல் கறுப்பினப் பெண் பாத்திரம் அவள். மூளையும் அவள்தான். பூட்டைத் திறப்பது, இயந்திரத்தைச் சரி செய்வது எல்லாம் அவள் கை. அந்தப் பாத்திரத்துக்காகப் பாட பாட்ரிஸ் ஹாலோவே என்ற கறுப்பினப் பாடகியைத் தேர்ந்தெடுத்தபோது, தயாரிப்பு நிறுவனம் மூவரும் வெள்ளையராக இருக்கட்டும் என்றது. இசைத் தயாரிப்பாளர் டேனி ஜான்சன் முடியாது என்று மறுத்து நின்றார். சில வாரம் இழுத்தடித்த பின் நிறுவனம்தான் இறங்கி வந்தது. ஆனால் வேலரியின் பேச்சுக் குரல் ஒரு வெள்ளை நடிகையுடையதாகவே இருந்தது. பாட்டு ஒருவர், பேச்சு ஒருவர்.

ஏழு வருஷம் கழித்து, 1977-இல், "கேப்டன் கேவ்மேன் அண்ட் த டீன் ஏஞ்சல்ஸ்". பனிக்கட்டியில் உறைந்து கிடந்த குகை மனிதன் ஒருவனை மூன்று பெண்கள் விடுவித்து, நால்வருமாகத் துப்பறிகிறார்கள். மூவரின் தலைமை போல இருப்பவள் டீ டீ ஸ்கைஸ், கறுப்பினப் பெண். வெல்மா செய்த வேலையை இங்கே அவள் செய்கிறாள். தடயத்தைக் குனிந்து பார்ப்பவள், கடைசியில் எல்லாவற்றையும் இணைத்துச் சொல்பவள். குரல் வெர்னீ வாட்சன், அவரும் கறுப்பினத்தவர். முகமும் மூளையும் குரலும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. விழுவது யார்? மயிர் மூட்டையாக இருக்கும் கேவ்மேன். பறந்துகொண்டிருக்கும்போதே சக்தி தீர்ந்து தொப்பென்று விழுவான். கண்ணில் பட்டதையெல்லாம் தின்பான். கற்காலத்து மனிதனைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த வீட்டில் யாருக்கும் வலிக்காது. ஒவ்வொரு எபிசோடும் சுமார் பதினொரு நிமிஷம்தான், சின்னதுகள் நெளிய நேரமில்லை.

"இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்" 1983, பிரான்சில் பிறந்த டிக் நிறுவனத்தின் படைப்பு, 86 எபிசோடுகள். உடம்பெல்லாம் கருவிகள் பொருத்திய இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் வில்லன்கூடத் தெரியாது. வில்லனின் ஆட்களை நல்லவர்கள் என்பார். தன்னைக் காப்பாற்ற மாறுவேடத்தில் வரும் சொந்த நாய் பிரெய்னை எதிரி என்பார். ஒவ்வொரு எபிசோடிலும் ரகசியக் குறிப்பைப் படித்துவிட்டுக் கசக்கி எறிவார், அது போய் மேலதிகாரியின் கையில் வெடிக்கும். வழக்கை முடிக்கிறவள் அவரை மாமா என்று அழைக்கும் சிறுமி பென்னி. புத்தகம் மாதிரி இருக்கும் கணினியைத் திறந்து, கைக்கடிகாரத்தில் நாயோடு பேசி, எல்லாவற்றையும் ஒளிந்திருந்தே செய்வாள். பாராட்டு மாமாவுக்குப் போகும். பென்னி எதுவும் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் இதைப் பார்த்து "அவதானே கண்டுபிடிச்சா!" என்று கத்துவார்கள். கத்தட்டும், கத்த வேண்டும்.

பென்னி திரையில் பொன்னிறக் கூந்தல் கொண்ட வெள்ளைச் சிறுமி. முதல் பருவத்தில் அவளுக்குக் குரல் கொடுத்தது கிரீ சம்மர். கறுப்பினத் தாய்க்குப் பிறந்து, கனடாவின் பூர்வகுடி கிரீ மக்களிடையே வளர்ந்த பெண், அப்போது அவருக்குப் பதினான்கு வயது இருக்கும். அவருடைய முதல் குரல் வேலை அது. இந்தத் தொடரின் பலவீனம் நாடு விட்டு நாடு போகும் எபிசோடுகள். போகிற ஊர் மக்கள் எல்லாம் தபால்தலைப் படம் மாதிரி ஒரே அச்சில் இருப்பார்கள். அவற்றை முன்கூட்டியே பார்த்து ஒதுக்க வேண்டும்.

சரி, முடிவுக்கு வருகிறேன். முதல் இரண்டு சனிக்கிழமைகளுக்குக் கேப்டன் கேவ்மேன், ஒரு மாலைக்கு மூன்று எபிசோடு. மூன்றாவது வாரம் ஸ்கூபி-டூ முதல் எபிசோடு, கறுப்புக் கவச வீரன். அன்றைக்கு ஒரு வெள்ளைத் தாளில் வளைந்த காலோடு ஸ்கூபியை வரைந்து காட்டி, அதை வரைந்தவர் எங்கே வரையக் கற்றார் என்று சொல்வேன். நான்காவது வாரம் கேட்ஜெட், உள்ளூர்க் கதையாகத் தேர்ந்தெடுத்து. ஜோசியைப் பெரிய பிள்ளைகள் வீட்டில் பார்க்கட்டும், பாட்டுக்காகவாவது. ஹாங்காங் ஃபூயி அடுத்த விடுமுறைக்கு.

சான் கிளானை ஐந்தாவது வாரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலில். பத்துப் பிள்ளைகளும் பத்து விதமாக இருப்பதை எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் "இதோ உன் ஆளுங்க" என்று யாராவது அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. அந்த வலி என்னுடையதில்லை, அதனால் முடிவும் நான் மட்டும் எடுக்க முடியாது. நாளை சாயங்காலம் இரண்டாவது மாடிக்குப் போய், ஒரு எபிசோடை அவன் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். அவர் வேண்டாம் என்றால் அந்த வாரமும் கேவ்மேன்தான்.